‘பார்க்கலாம்’ என்றால் ‘சரி’ இல்லை

புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் அலைச் சத்தம் கேட்கும். போன ஞாயிறு அதையும் மீறிக் கேட்டது பேரனின் புலம்பல். படகுப் பங்கு பிரிக்கும் கணக்கைச் சி மொழியில் எழுதியிருந்தான். பைத்தானிலிருந்து கூப்பிட்டால் வர மறுக்கிறதாம்.

“அது என்ன சொல்லுதுன்னு முதல்ல படிடா” என்றேன். கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான்.

நூலகக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்றது முதல் செய்தி. கோப்பு அதே ஃபோல்டரில்தான் இருந்தது. ஆனால் வெறும் பெயரைக் கொடுத்தால் லினக்ஸ் தனக்குக் குறித்துவைத்த இடங்களில் மட்டுமே தேடும். காலடியில் கிடப்பதைக் குனிந்து பார்க்காது. முழுப் பாதையைக் கொடுத்தோம், திறந்தது.

அடுத்து, ‘பங்கு’ என்ற பெயரே உள்ளே இல்லை என்றது. கோப்பில் உள்ள பெயர்களைக் காட்டும் ‘என்எம்’ கட்டளை போட்டுப் பார்த்தால், பெயருக்கு முன்னும் பின்னும் ஏதேதோ எழுத்துகள். பையன் சி++ கம்பைலரில் தொகுத்திருக்கிறான். வாங்கும் மதிப்புகளின் வகையையும் அது பெயரோடு ஒட்டிவிடும். சி கம்பைலரில் மறுபடி தொகுத்ததும் பெயர் கிடைத்தது.

மூன்றாம் முறை பிழைச் செய்தியே இல்லை. கை தட்டினான். பத்தாயிரம் ரூபாயை ஆட்கள் மூவருக்கும் படகுக்குமாக நாலு பங்கு போட்டால் 2,500 வர வேண்டும். வந்ததோ சம்பந்தமே இல்லாத ஓர் எண். சி நூலகத்தைப் பைத்தானிலிருந்து கூப்பிட உதவுவது சிடைப்ஸ். 2006இல் பைத்தான் 2.5உடன் சேர்ந்த அது, நாம் சொல்லாதவரை, திரும்பி வருவது முழு எண் என்றே வைத்துக்கொள்ளும். எங்கள் கணக்கு தந்தது தசம எண். அதைச் சொல்ல ஒரு வரி சேர்த்ததும் 2,500 வந்தது.

சத்தம் போட்ட இரண்டு பிழைகளும் வழி காட்டின. சத்தமில்லாத மூன்றாவதுதான் ஏமாற்றப் பார்த்தது.

சிடைப்ஸ் ஒரு துபாஷி, இரண்டு மொழிக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த ஊர் இது. நானும் ஒருமுறை துபாஷி வேலை பார்த்தேன். அண்ணன் மகளுக்கு அக்கா மகனைக் கேட்டுப் போனேன். “பார்க்கலாம்” என்றார் அத்தான். அண்ணனிடம் வந்து “சரின்னுட்டார்” என்றேன். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகுதான் அத்தான் மனசில் இருந்தது தெரிந்தது. இரண்டு வீடும் ஏழு வருஷம் பேசவில்லை. அவர் முகத்துக்கு நேரே “வேண்டாம்” என்றிருந்தால் ஒரு நாள் வருத்தத்தோடு போயிருக்கும். என்ன அர்த்தத்தில் சொன்னீர்கள் என்று நானாவது திருப்பிக் கேட்டிருக்கலாம்.

உள்ளேயிருந்து மருமகள் கூப்பிட்டாள்: “சாப்பிட வரியாடா?”

“பார்க்கலாம்மா.”

“டேய், வரியா, இல்லையா? அதைச் சொல்லு” என்றேன்.