நாவற்பழமும் ஒரு சிறு பொதித் தூளும்

சென்ற வருடம் கொழும்பில் நடந்த சுயதொழில் கருத்தரங்கொன்றில் எங்கள் கைகளில் ஒரு சிறு பொதியைத் தந்தார்கள். உள்ளே கடும் ஊதா நிறத் தூள். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன். சிறுவயதில் மரத்தடியில் பொறுக்கித் தின்ற நாவற்பழத்தின் துவர்ப்பு அப்படியே இருந்தது. ஐஸ்கிரீம், யோகட், பிஸ்கட் போன்றவற்றுக்குச் செயற்கைச் சாயத்துக்குப் பதிலாக இதைச் சேர்க்கிறார்களாம். எங்கள் சங்கத்துப் பெண்கள் புத்தளம் வீதியோரத்தில் ஒரு கூடைப் பழம் விற்றாலும் அந்தப் பொதியின் விலை கிடைக்காது.

ஊருக்கு வந்ததும் சொன்னேன். எல்லோருக்கும் உற்சாகம். பனாட்டும் ஒடியலும் காய வைத்துப் பழகிய கைகள்தானே! கொட்டை நீக்கிய பழச்சதையைப் பாயில் பரப்பினோம். நான்கு நாள் வெயில். கிடைத்ததோ கறுத்துச் சுருங்கிய தோல். உரலில் இடித்துப் போத்தலில் போட்டோம். பத்து நாளில் அது கல்லாக இறுகி, மேலே பூஞ்சணமும் பிடித்துவிட்டது.

"மிஸ், அவங்க தந்த தூள் ஊதா. எங்கட தூள் ஏன் மண் மாதிரி?" என்று ஒரு ராத்தா கேட்டார். 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து படகில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர் அவர். எதையும் காரணம் கேட்காமல் விடமாட்டார். சமூகவியல் படித்த எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்துத்தான் சொன்னேன்.

வெயிலில் பழம் காயும்போது நீர் மெதுவாகத்தான் வெளியேறுகிறது. அதற்குள் சூடும் வெளிச்சமும் காற்றும் சேர்ந்து ஊதா நிறத்தைக் கெடுத்துவிடுகின்றன. உயிர்ச்சத்து சீயும் பெருமளவு போய்விடும். உறையவைத்து உலர்த்தும் முறை வேறு. முதலில் பழச்சதையைப் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை வரை உறைய வைப்பார்கள். பிறகு மூடிய பாத்திரத்தில் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். அமுக்கம் சாதாரணக் காற்றின் அமுக்கத்தில் நூற்றைம்பதில் ஒரு பங்குக்கும் கீழே போனால், ஐஸ் தண்ணீராக உருகாமலே ஆவியாகிவிடும். சூடு குறைவென்பதால் நிறமும் சுவையும் தப்பிவிடுகின்றன. இரண்டாம் உலக யுத்தத்தில் காயப்பட்டவர்களுக்கான இரத்தத் திரவவிழையத்தை இப்படித்தான் உலர்த்தி அனுப்பினார்கள். கோப்பித் தூளுக்கு இம்முறை வந்தது அதற்குப் பிறகுதான்.

அந்த இயந்திரம் எங்கள் சங்கம் வாங்கக்கூடியது அல்ல. மின்சாரப் பட்டியலை நினைத்தாலே பயம் வரும். ஒரு முறை உலர்த்த ஒரு நாளுக்கு மேலும் ஓட வேண்டும். நாவற்பழத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். கொட்டையும் கழிந்தால் பத்துக் கிலோவில் மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு கிலோ தூள். அத்தூளும் எங்கள் உப்பங்காற்றில் திறந்து வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உப்பளத்து வேலைக்குப் போகும் பெண்களுக்கு இதை விளக்கவேண்டி இருக்கவில்லை. மழைக்காலத்து உப்புச் சாடியைப் பார்த்தவர்கள்தானே.

இன்னொரு சங்கடம் லேபலில் வந்தது. கொட்டையையும் இடித்து, 'சீனி வியாதியைக் குணமாக்கும்' என்று எழுதி விற்போம் என்றார்கள். நான் மறுத்தேன். நாவற்கொட்டை கைமருந்தாக இருந்துவருவது உண்மை. ஆனால், அதை நம்பி ஒரு தாய் மாத்திரையை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு? 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும் பொய்யான விளம்பரத்தை அனுமதிப்பதில்லை. இரண்டு பேர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

இதற்கிடையில் ஒரு வியாபாரி வந்தார். நாவல் மட்டுமல்ல, பாலைப்பழமும் வீரைப்பழமும் எவ்வளவு கொடுத்தாலும் எடுப்பேன் என்றார். தூளாக்குவது அவர் பொறுப்பு. கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் பாலை உயர்ந்த மரம். பழத்துக்காகக் கிளையையே வெட்டிச் சாய்க்கும் வழக்கம் இப்போதே இருக்கிறது. மே முதல் யூலை வரை அது பழுக்கும் காலத்தில் கரடிகளும் அந்த மரத்தடிக்கே வரும். வில்பத்து 1938 முதல் தேசிய வனம். உள்ளே பழம் பறிப்பது குற்றம். வெளியே கிடைப்பது முடிந்ததும் "எவ்வளவு கொடுத்தாலும்" என்ற பேச்சு நம் பெண்களை எங்கே தள்ளும்? யானையிடம் அகப்படப்போவது வியாபாரி அல்லவே.

பாலைக்கும் வீரைக்கும் இல்லை என்று கூட்டத்தில் முடிவானது. வீட்டு வளவுகளிலும் குளக்கட்டிலும் உள்ள நாவல் மட்டும் கொடுப்போம், அதுவும் கொட்டை நீக்கிக் குளிர்பெட்டியில் உறைய வைத்த சதையாக. வெறும் பழம் அன்றைக்கே விற்காவிட்டால் நசிந்து வீண். உறைந்த சதைக்கு அவசரமில்லை. விலை பேச எங்களுக்கும் நேரம் கிடைக்கும்.

வியாபாரி பழத்துக்குச் சொன்ன விலையையே சதைக்கும் சொன்னார். ராத்தா கணக்குக் கொப்பியை விரித்து, கொட்டையின் நிறை, ஐந்து பேரின் அரைநாள் கூலி, கரண்ட் காசு என்று ஒவ்வொன்றாக வாசித்தார். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார் அவர். குளிர்பெட்டியில் பதினெட்டுப் பை இருக்கிறது.