தீப்பெட்டிப் படங்கள்

பிள்ளையார்பாளையத்து வீட்டில் தறிக்குழியை ஒட்டிய மாடத்தைச் சுத்தம் செய்கையில், காலியான சரிகைப் பெட்டி ஒன்றில், பள்ளிப் பருவத்தில் தெருவெல்லாம் பொறுக்கிச் சேர்த்த தீப்பெட்டிப் படங்கள் இன்று அகப்பட்டன.

அபூர்வமானது என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.
பெட்டிக்கடைதோறும் கிடைத்த சேவல், கப்பல், தாமரை, அவ்வளவுதான்.

ஆயினும், எல்லோரிடமும் இருந்த காரணத்தினாலேயே ஒருவரும் பத்திரப்படுத்தாமல் விட்ட இந்தச் சாமானியப் படங்கள், காலம் செல்லச் செல்லத் தேடினாலும் கிடைக்காத பொருளாகிவிடுவது எத்தனை விசேஷம்!

சேவலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கொண்டையின் சிவப்பு, கோட்டைத் தாண்டி இழையளவு மஞ்சளின்மேல் ஏறியிருக்கிறது. பின்புறத்தில், தண்ணீரில் ஊறவைத்து உரித்தும் போகாத பசையில், ஒட்டிய கையின் ரேகை.

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலோடு, சிவகாசியின் அச்சுத் தொழிலும் சேர்ந்தே வளர்ந்ததன் சாட்சியங்கள் அல்லவா இவை! 2007-இல் ஐம்பது காசிலிருந்து 1 ரூபாயாகி, 2021 டிசம்பரில் 2 ரூபாயான பெட்டிக்கு விலை உண்டு. படத்துக்கு அன்று விலை ஏது?

இன்று என்ன விலை போகும் என்று தம்பி கேட்கிறான். எனக்கு அந்தக் கணக்கில் சிரத்தையில்லை. பார்க்கப் பார்க்க மனம் நிறைகிறது.

என்னிடம் சேவல் மூன்று இருக்கிறது.
ரயில் எஞ்சின் படம் இரட்டையாக வைத்திருப்பவர் யாரேனும் உண்டா, மாற்றிக்கொள்ள?