ஒரு துளி இரத்தமும் ஒரு நாள் கூலியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

பெனடிக்ட் கரைசலை நம் கல்லூரிச் சோதனைச்சாலையில் முதன்முதலாகக் கொதிக்க வைத்த நாளை நான் மறக்கவில்லை. குளுக்கோஸ் கலந்த குழாயில் நீல நிறம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் அடியில் படிந்தது. எல்லாம் தாமிரம் செய்கிற வேலை. சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளான எங்களுக்குத் தாமிர உப்பு என்றால் வாணத்திற்கு நீல வண்ணம் தருவது என்றுதான் தெரியும். அதே தாமிரம் ஒருவரது சிறுநீரில் சர்க்கரை இருப்பதையும் காட்டிக் கொடுக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி. அன்று மாலை பேருந்தில் வரும்போது அம்மாவின் நினைவாகவே இருந்தது.

அம்மா ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் காகிதக் குழாய் உருட்டுகிறார். சென்ற ஆண்டு ஆடி மாதம் அவருக்கு அடிக்கடி தலைசுற்றல் வந்தது. வேறு தொழிலில் இருப்பவர்கள் தலை சுற்றினால் சற்றே உட்கார்ந்து கொள்ளலாம். குழாய் உருட்டும் அறையில் மருந்து கிடையாதுதான். ஆனால் ஆள் குறைந்த நாட்களில் குழாய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு மருந்து அடைக்கும் அறைவரை போக வேண்டியிருக்கும். அங்கே கால் தடுமாறினால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊர்ப்பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போர்மேனிடம் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார், தீபாவளி நெருங்கும் காலத்தில் கூலி போய்விடும் என்று அம்மா மூன்று வாரம் மறைத்துவிட்டார்.

பிறகு இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. அன்றைய கூலி போயிற்று. முடிவு வாங்கப் போனபோது, சர்க்கரைக்கு எடுத்தது சரியாக இருக்கிறது, ஹீமோகுளோபினுக்கு எடுத்த இரத்தம் உறைந்துவிட்டது, மறுபடி வாருங்கள் என்றார்கள். இன்னொரு நாள் கூலியும் போயிற்று. "ஏம்ப்பா, இம்புட்டு ரத்தம் எடுத்தும் பத்தலையாமா?" என்று அம்மா கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பின்னர்தான் இந்தக் கருவிகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் கருவி ஒன்றைச் செய்தாராம். எவ்வளவு ஆக்சிஜன் ஏறிற்று என்று அளந்து காட்டவில்லை என்று சொல்லி அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனிதர் சோர்ந்து போகவில்லை. பிளாட்டின மின்முனையை மெல்லிய பாலித்தீன் தாளால் மூடி, ஆக்சிஜனை அளக்கும் வழியையே கண்டுபிடித்து 1956-ல் வெளியிட்டார். 1962-ல் அதனோடு குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதியைச் சேர்த்தார். அந்த நொதி சர்க்கரையை மாற்றும்போது ஆக்சிஜனைச் செலவழிக்கும். ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறதோ அதைக் கொண்டு சர்க்கரையைக் கணக்கிடலாம். இன்று கைக்குள் அடங்கும் சர்க்கரைமானிகளுக்கு மூலம் இதுவே. இடையில், 1965-ல், ஒரு துளி இரத்தத்தை வைத்து ஒரு நிமிடம் பொறுத்துக் கழுவி, நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டை வந்தது. 1970-ல் அந்த நிறத்தைப் படிக்க வந்த கருவி ஒரு கிலோவுக்கு மேல் எடை. விலையோ ஏறத்தாழ 500 டாலர்.

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இக்கருவி வீட்டுக்கே வருகிறது. எங்கள் தெருவுக்கு வரும் அக்கா முதலில் அம்மாவை சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார். விரலில் இனிப்பு ஏதாவது ஒட்டியிருந்தால் கருவி அதையும் சேர்த்து எண்ணிவிடுமாம். பசை காய்ந்து தடித்த விரல் அல்லவா, முதல் குத்தில் இரத்தம் வரவில்லை. விரலின் பக்கவாட்டில் குத்தியதும் வந்தது. 218 என்று காட்டியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கூலியும் போகவில்லை.

ஆனால் எல்லாச் சோதனையும் ஒரு துளியில் முடிந்துவிடுவதில்லை. பலவற்றுக்கு இரத்தத்தைச் சுழற்றி, சிவப்பணுக்களைத் தனியே, தெளிவான பிளாஸ்மாவைத் தனியே பிரிக்க வேண்டும். அதற்கு மின்சாரத்தில் ஓடும் சென்ட்ரிப்யூஜ் வேண்டும். மீரட்டில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் மனு பிரகாஷ், உகாண்டாவில் அப்படியொரு இயந்திரம் மின்சாரமில்லாமல் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். அவரும், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த சாத் பாம்லாவும், அவர்களோடு இருந்தவர்களும் 2017-ல் காகிதத்தாலேயே ஒன்றைச் செய்து காட்டினார்கள். எடை 2 கிராம். செலவு 20 அமெரிக்க சென்ட். கையால் இழுத்தே நிமிடத்திற்கு 1,25,000 சுற்று. ஒன்றரை நிமிடத்தில் பிளாஸ்மா பிரிந்துவிடும்.

அதன் படத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோடா மூடியைத் தட்டித் தகடாக்கி, இரண்டு துளையிட்டு, நூல் கோத்து, இரு கையாலும் இழுத்து இழுத்து விர்ரென்று சுற்ற விடுவோமே, அதே விளையாட்டு! எத்தனை பேர் எத்தனை முறை சுற்றியிருப்போம். எனக்கு ஏன் தோன்றவில்லை?

அச்சகத்துக் கழிவு அட்டையை வட்டமாக வெட்டினேன். இரத்தத்தில் விளையாடாதே என்று எங்கள் பேராசிரியர் கண்டித்துச் சொல்லியிருந்தபடியால், சுண்ணாம்புக் கலங்கலை இளநீர்க்கடை உறிஞ்சுகுழல் துண்டு இரண்டில் அடைத்து, நுனிகளை மெழுகால் மூடி, எதிரெதிராக ஒட்டினேன். இழுத்தேன். சக்கரம் பேய் பிடித்ததுபோல் ஆடி, ஒரு குழல் பறந்து சுவரெல்லாம் சுண்ணாம்பாயிற்று. இரண்டாவதும் அப்படியே.

பார்த்துக்கொண்டிருந்த அம்மா அருகில் வந்து அட்டையை வாங்கினார். "நடுவு எதுன்னு பாக்காமலே ஓட்டை போட்டா ஆடத்தானே செய்யும்?" என்றவர், வேறொரு வட்டத்தை ஒருமுறை மடித்து, விரித்து, குறுக்காக இன்னொரு முறை மடித்தார். மடிப்புகள் வெட்டிக்கொண்ட இடத்திற்கு இருபுறமும் சம அளவில் ஊசியால் இரண்டு துளைகள். ஆண்டுக்கணக்கில் காகிதம் உருட்டிய கைகள். அளவுகோலைத் தொடவே இல்லை.

இம்முறை சக்கரம் ஆடவில்லை, வண்டுபோல் ரீங்காரமிட்டது. ஐந்து நிமிடம் இழுத்ததில் என் தோள் வலித்தது. குழலைக் கழற்றி விளக்கடியில் நீட்டினேன். வெளிநுனியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு; உள்பக்கம் தெளிந்த நீர்.

"ஓரத்துக்குப் போயிருச்சே!" என்றார் அம்மா. குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். பிறகு, இரவு மாத்திரை போட நேரமாகிவிட்டதென்று தண்ணீர்ச் செம்பைத் தேடி உள்ளே போனார்.