அலுமினியமா, கார்பனா என்பதற்கு முன்

கடைக்கு வருகிறவர்கள் கேள்வியைத் தயாராகவே கொண்டு வருகிறார்கள். "அண்ணா, அலுமினிய ரேஸ் பைக் எடுக்கலாமா, கார்பன் என்டியூரன்ஸ் எடுக்கலாமா?" கேட்கிறவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. வேலை சென்னை ஓ.எம்.ஆரில். வாரம் முழுக்க நாற்காலி, ஞாயிறு விடியற்காலை ஈ.சி.ஆர்.; மாமல்லபுரம் வரை போய்த் திரும்பினால் நூறு கிலோமீட்டர் சொச்சம். நான் உடனே பதில் சொல்வதில்லை. "சார், ஷூவைக் கழற்றிட்டு, முட்டியை மடக்காம குனிஞ்சு தரையைத் தொடுங்க" என்பேன். சிலருக்கு விரல் நுனி முட்டிக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

அவர் கேட்டது ஒரு கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. ஃபிரேம் எந்தப் பொருளில் செய்தது என்பது ஒன்று. எந்த அளவுகளில் செய்தது என்பது இன்னொன்று. முதலாவதைப் பற்றி எல்லோரும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். முதுகுக்கும் கழுத்துக்கும் தெரிவது இரண்டாவதுதான்.

பெடல் அச்சிலிருந்து ஹேண்டில்பார் பொருந்தும் தலைக்குழாயின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை ஸ்டாக் என்கிறோம். எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். ஒரே சைஸ் எழுதிய இரண்டு வண்டிகளில் என்டியூரன்ஸின் ஸ்டாக் ரேஸ் வண்டியைவிட 2 முதல் 4 செ.மீ. வரை கூடுதலாக இருக்கும். காகிதத்தில் பார்த்தால் சின்ன அளவு. மூன்றாவது மணி நேரத்தில் கழுத்தைக் கேட்டால் தெரியும். ரேஸ் ஃபிரேமை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, ஸ்டெமுக்கு அடியில் ஸ்பேசர் ஸ்பேசராக அடுக்கி, ஸ்டெமையும் மேல்நோக்கித் திருப்பி மாட்டிய வண்டிகள் என்னிடம் அடிக்கடி வருகின்றன. அப்படி அடுக்கவும் எல்லை உண்டு. ஃபோர்க்கின் தண்டு கார்பனாக இருந்தால் எத்தனை மில்லிமீட்டர் வரை ஸ்பேசர் போடலாம் என்று தயாரிப்பாளரே குறித்திருப்பார். அதைத் தாண்டக் கூடாது. இவ்வளவு பாடுபட்டு என்டியூரன்ஸ் உயரத்துக்குக் கொண்டுவருவதற்கு முதலிலேயே என்டியூரன்ஸை வாங்கியிருக்கலாம்.

"தாழ்வா இருந்தாதானே காத்தைக் கிழிச்சுட்டுப் போகலாம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சமதளத்தில் 30 கி.மீ. வேகத்தில் போகும்போது காலின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. ஈ.சி.ஆரில் முற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். ஆனால் தாழ்ந்த ஹேண்டில்பார் மட்டும் காற்றைக் கிழிக்காது. தாழ்ந்த உடம்புதான் கிழிக்கும். ரேஸ் வண்டியில் கையை விறைப்பாக நீட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரைவிட, என்டியூரன்ஸில் முழங்கையை மடக்கி முன்கையைக் கிடையாக வைத்து ஓட்டுபவர் வேகமாகப் போவார். ஹேண்டில்பாரின் கீழ் வளைவான டிராப்ஸைப் பிடித்து இருபது நிமிடம் தொடர்ந்து ஓட்ட முடியாதவருக்கு ரேஸ் ஜியாமெட்ரியால் லாபம் ஒன்றும் இல்லை.

அடுத்து எடை. கார்பன் என்றாலே லேசு என்ற நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. தொடக்க விலைக் கார்பன் என்டியூரன்ஸ் ஒன்றையும் அதே குரூப்செட் (கியர், பிரேக் தொகுதி) போட்ட நல்ல அலுமினிய ரேஸ் வண்டி ஒன்றையும் தராசுக் கொக்கியில் மாட்டிப் பாருங்கள்; பல சமயம் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். ஒரு கிலோ வித்தியாசம் இருந்தாலும்தான் என்ன? ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், ஒரு மணி நேரம் பிடிக்கும் மலையேற்றத்தில் அந்த ஒரு கிலோ முக்கால் நிமிடம்போல மிச்சம் பிடிக்கும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் போட்டி போடுகிறவருக்கு அது பெரிது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அலுமினியம் முதுகை உடைக்கும் என்பது பழைய பேச்சு; அதற்குக் காரணமும் உண்டு. இரும்போடு ஒப்பிட்டால் அலுமினியத்தின் விறைப்பு மூன்றில் ஒரு பங்குதான். எடையும் அப்படியே. அதனால் குழாயைத் தடிமனாக்கி விறைப்பை மீட்டார்கள். குழாயின் விட்டம் கூடக்கூட விறைப்பு மளமளவென்று ஏறும். 1980-களில் அமெரிக்காவில் க்ளைன், கேனன்டேல் நிறுவனங்கள் செய்த பருத்த குழாய் வண்டிகள் அப்படிப் பிறந்தவை. அந்தக் காலத்து ஒல்லி டயரில் 110, 120 பி.எஸ்.ஐ. காற்றடித்து ஓட்டினார்கள். உதறாமல் என்ன செய்யும்? பழி ஃபிரேம் மேல் விழுந்தது. ஆனால் மார்க்கோ பன்டானி என்ற வீரர் 1998-ல் டூர் டி பிரான்ஸை வென்றது அலுமினிய பியாங்கி வண்டியில்தான். இன்றைய நல்ல அலுமினிய ஃபிரேம்களில் குழாயின் சுவர் தேவையான இடத்தில் தடித்தும் மற்ற இடத்தில் மெலிந்தும் இருக்கிறது. அந்தப் பழைய வண்டிகளோடு ஒப்பிடுவதே தப்பு.

கார்பனின் கெட்டிக்காரத்தனம் வேறு. இழைகளை எந்தத் திசையில் அடுக்குகிறோமோ அந்தத் திசையில் விறைப்பு கிடைக்கிறது. பெடல் மிதிக்கும்போது பக்கவாட்டில் வளையாமலும், குழியில் விழும்போது சீட்போஸ்ட் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற மாதிரியும் ஒரே வண்டியைச் செய்ய முடிகிறது. இருந்தும், சொகுசில் பெரும்பங்கு டயருக்குத்தான் சேரும் என்பது என் அனுபவம். ஃபிரேம் மேலும் கீழும் விட்டுக்கொடுப்பது மிகச் சொற்பம்; டயர் பல மில்லிமீட்டர் அமுங்குகிறது. 70 கிலோ ஆள் 32 மி.மீ. டயரில் 55, 60 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டினால் வேகத்தடைக்கு முன்னால் போடுகிற அந்த வரிவரியான மேடுகள்கூட அவ்வளவாக உறைக்காது. அதே ஆளைக் கார்பன் வண்டியில் 25 மி.மீ. டயரோடு, நூறு பி.எஸ்.ஐ.யில் அனுப்புங்கள், திரும்பி வந்ததும் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்.

ஆகவே வண்டியைப் பார்க்கும்போது நான் முதலில் பின் சக்கரத்துக்குப் பின்னால் மண்டியிடுவேன். டயருக்கும் அதை ஒட்டிய ஃபிரேம் குழாயான செயின்ஸ்டேக்கும் நடுவில் நான்கு மி.மீ. ஆலன் கீயை நுழைத்துப் பார்ப்பேன். இருபுறமும் சிக்காமல் போய்வந்தால் சரி. பழைய ரேஸ் ஃபிரேம்கள் பலவற்றில் 28 போட்டாலே கீ சிக்கும். அந்த வண்டியில் எத்தனை செலவு செய்தாலும் சொகுசு வராது.

கடலோர ஊரில் இருப்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது: உப்பு. கடற்காற்றின் உப்போடு வியர்வையின் உப்பும் சேர்ந்துகொள்ளும். வீட்டுக்குள் ட்ரெயினரில் ஓட்டுகிறவர்களின் ஹேண்டில்பார் டேப்பைப் பிரித்துப் பாருங்கள். பிரேக் லீவரின் ஹூட்ஸுக்குக் கீழே, கேபிள் ஒட்டிப் போகிற பள்ளத்தில், விபூதி பூசினாற்போல வெள்ளைப் பொடி இருக்கும். விரலால் துடைத்தால் அடியில் குட்டிக் குட்டிக் குழிகள் தெரியும். வியர்வை அலுமினியத்தைத் தின்ற தடம் அது. அப்படிப்பட்ட ஹேண்டில்பாரை நான் திருப்பி மாட்டித் தருவதில்லை. அலுமினியமும் கார்பனும் உப்பீரத்தில் ஒட்டிக் கிடந்தால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். கார்பன் ஃபிரேமுக்குள் அலுமினிய சீட்போஸ்ட் இறுகிப்போய், இரண்டு பேர் சேர்ந்து திருகியும் அசையாமல் நின்ற வண்டிகள் உண்டு.

கார்பனை வைத்துக்கொள்ளவும் ஒரு ஒழுக்கம் வேண்டும். போல்ட்டைக் கைக்கணக்கில் இறுக்கக் கூடாது. டார்க் ரெஞ்ச் வேண்டும். ஸ்டெம், சீட்போஸ்ட் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான். சரியான அளவை வண்டியிலேயே அச்சடித்திருப்பார்கள். விழுந்தால் அலுமினியம் நசுங்கிக் காட்டிவிடும். கார்பன் மேலே கீறலோடு நிற்கும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் 'டிக் டிக்' என்று வந்த ஓசை ஓரிடத்தில் மந்தமாகும்; அங்கே சந்தேகப்பட வேண்டும். வண்டியை அடிக்கடி ரயில் பார்சலில் போடுகிறவர், அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஸ்கூட்டர்களுக்கு நடுவில் சாய்த்து வைக்கிறவர், இதையெல்லாம் நினைத்துப் பார்க்கட்டும்.

என் தீர்ப்பைக் கேட்டால் சொல்கிறேன். 200 கி.மீ.யை 13.5 மணி நேரத்தில் முடிக்க வேண்டிய பி.ஆர்.எம். என்ற நெடுந்தூர ஓட்டத்தில் தொடங்கி, 300, 400, 600 என்று ஒரே பருவத்தில் முடித்து எஸ்.ஆர். (சூப்பர் ராண்டனர்) பட்டம் வாங்க ஆசைப்படுகிறவர் என்டியூரன்ஸைத்தான் எடுக்க வேண்டும். பணம் இருந்தால் கார்பன், இல்லாவிட்டால் அலுமினிய என்டியூரன்ஸ், குறை ஒன்றுமில்லை. அதுவும் கடைகளில் கிடைக்கிறது, கேட்பவர்தான் குறைவு. உடம்பு வளைகிற இளைஞர், கூட்டத்தோடு வேகமாக ஓட்டுகிறவர், போட்டியில் விழுந்து எழுவதை வழக்கமாக வைத்திருப்பவர் அலுமினிய ரேஸ் வண்டியைத் தயங்காமல் வாங்கலாம், 28 மி.மீ. டயராவது நுழைகிறதா என்று பார்த்துவிட்டு. கார்பனுக்குக் கொடுத்திருக்க வேண்டிய மிச்சப் பணத்தை நல்ல டயருக்கும் சக்கரத்துக்கும் ஒரு முறையான ஃபிட்டிங்குக்கும் செலவு செய்யுங்கள்.

எதை வாங்கினாலும் வருஷத்துக்கு ஒரு தடவை சீட்போஸ்டைக் கழற்றி, துடைத்து, போஸ்ட், ஃபிரேம் இரண்டும் அலுமினியமாக இருந்தால் கிரீஸும் ஏதாவது ஒன்று கார்பனாக இருந்தால் அதற்கான பேஸ்ட்டும் தடவித் திரும்பப் போடச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.