பம்பைக் குறை கூறுமுன்

கடந்த மாதம் என் மகிழுந்து உயிர்பெற மறுத்தது. சாவியைத் திருப்பியதும் பின்னிருக்கையின் அடியில் ஓரிரு நொடி கேட்கும் எரிபொருள் பம்பின் முனகல் இல்லை. "பம்ப் போச்சு சார், மாத்திடலாம்" என்றார் பட்டறைக்காரர். சில நூறு ரிங்கிட் செலவு!

அளந்து பார்ப்போம் என்றேன். ஃபியூஸ் நன்று, ரிலேயும் 'டிக்' என்றது. பம்பின் இணைப்பைக் கழற்றி மீட்டரை வைத்தால் 12 வோல்ட். நண்பர்களே, இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். மின்னோட்டம் இல்லாதபோது துருவேறிய இணைப்பும் முழு வோல்ட்டைக் காட்டும். ஆகவே இணைப்பை மீண்டும் பூட்டி, அவர் சாவியைத் திருப்பத் திருப்ப, பின்புறமிருந்து அளந்தேன். பம்புக்குக் கிட்டியது 4 வோல்ட்டே. அதன் எர்த் முனைக்கும் வாகன உடலுக்கும் இடையில் 8 வோல்ட்! அங்கே ஏறத்தாழச் சுழியம் அல்லவா இருக்க வேண்டும்?

மின்சுற்று முழுமை பெற வேண்டும் என்று மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். பழுது பார்க்கையில் மின்சாரம் வரும் வழியை மட்டும் ஆராய்கிறோம். திரும்பும் வழியை யார் பார்க்கிறார்கள்?

கம்பளத்தின் அடியில் மழைநீர் ஊறி, எர்த் திருகாணி துருப்பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினோம். பம்பு முனகியது. பட்டறைக்காரர் பத்து ரிங்கிட்டுக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்.