வங்காரவள்ளையைச் செதுக்கி எறிய முன்...



கட்டைபறிச்சான் களப்போரத்தில் பாய் விரித்த மாதிரித் தரையோடு படர்ந்து கிடக்கும் வங்காரவள்ளையை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். சிவந்த தண்டு, சாறு நிறைந்த தடித்த இலை, நட்சத்திரம் போலச் சின்ன ஊதாப் பூ. வளவுக்குள் வந்தால் மண்வெட்டியால் செதுக்கி எறிகிறோம். பிறகு "எங்கட மண் உவர், ஒன்றும் வராது" என்று சொல்லிக் காசு கொடுத்துக் கீரை வாங்குகிறோம்.

அந்த உவரைக் குறைக்கிற செடியைத்தான் நாங்கள் எறிகிறோம்.

களப்புக்குக் கிட்டிய நிலத்தில் உப்புத்தண்ணி ஆழத்தில் இல்லை. வெயில் காலத்தில் அது மேலே ஊறி வந்து ஆவியாகும். உப்பு மட்டும் மண்ணில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். வேறு பயிர்கள் கருகுகிற அந்த இடத்தில் வங்காரவள்ளை உப்பை வேரால் உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கிறது. இலை தடித்திருப்பதும், கடித்தால் உப்புக் கரிப்பதும் அதனால்தான்.

தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் உவர் நிலத்தில் இதை வளர்த்துப் பார்த்து 2007இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஒரு ஹெக்டேயரில் 4 மாதத்தில் ஏறத்தாழ 474 கிலோ உப்பை இந்தச் செடியால் அகற்ற முடியும். எங்கட அளவில் சொன்னால், ஒரு பேர்ச்சுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல்.

ஆனால் உப்பு அழிந்து போவதில்லை, இலைக்குள் இருக்கிறது. செடி அங்கேயே காய்ந்து உக்கினால் உப்பும் அதே மண்ணுக்குத் திரும்பும். ஆகவே வளர்த்தால் போதாது. அறுத்து அப்புறப்படுத்த வேண்டும். வீட்டுத் தோட்டத்துப் பசளைக் குழிக்குள் போடவும் கூடாது.

நடுவது லேசு. மாரி தொடங்கும்போது ஒரு சாண் நீளத் தண்டுகளை வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி, நல்ல வெயில் படும் இடத்தில் ஊன்றுங்கள். வேர் பிடிக்கும் வரை தண்ணி ஊற்றினால் போதும். தண்டு ஓடுகிற இடமெல்லாம் கணுவில் வேர் விடும். அதனால் வரம்பிலும் கரையிலும் மண் அரிந்து போகாமல் பிடித்துக்கொள்ளும். மூன்று நான்கு மாதத்தில் நுனிகளை அறுக்கலாம். அடி திரும்பத் தளிர்க்கும்.

அறுத்த இளந்தளிரைக் கறிக்கும் எடுக்கலாம். நிறையத் தண்ணியில் அவித்து, அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டு, இன்னொரு முறை அவித்துப் பிழிந்தெடுங்கள். வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டலாம். உப்புச் சேர்க்கத் தேவையில்லை. பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. கழிவுநீர் ஓடும் வாய்க்காலோரத்தில் பிடுங்க வேண்டாம். உப்பை உறிஞ்சுவது போல ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களையும் இது உறிஞ்சும்.

2004 சுனாமியில் கரையோரக் கிணறுகளும் தோட்டங்களும் எப்படி உவர்த்துப் போயின என்பதை மூத்தவர்கள் சொல்வார்கள். உப்பு எங்களை விட்டுப் போகாது. அதோடு வாழப் பழகிய செடி எங்கட காலடியிலேயே கிடக்கிறது. இந்த மாரியில் ஒவ்வொரு வளவிலும் ஒரு பேர்ச்சிலாவது நட்டுப் பார்ப்போம். அறுத்த இடத்தில் அடுத்த மாரிக்கு ஒரு பிடி கீரை விதை தூவுவோம். முளைத்தால் படம் எடுத்துப் போடுங்கள், இன்ஷா அல்லாஹ் பிள்ளைகளுக்கும் காட்டுவோம்.