பாறைத்திட்டும் 'நாம்' என்னும் சொல்லும்

ஏஜியன் கடலில், துருக்கிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தொலைவில் இரண்டு பாறைத்திட்டுகள் உள்ளன. இரண்டையும் சேர்த்தால் பத்து ஏக்கர் தேறும். மேயவிடப்பட்ட ஆடுகளைத் தவிர அங்கே குடியிருப்போர் எவருமில்லை. கிரேக்கர் அவற்றை இமியா என்கின்றனர். துருக்கியர் கர்தக் என்கின்றனர். அவற்றைப் பற்றி எழுதப் புகுபவர் பெயரைச் சொல்லும்போதே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார். மொழியைப் பாடமாக நடத்தும் எனக்கு இந்தச் சங்கடமே இவ்விவகாரத்தில் ஆர்வமூட்டியது.

1995 டிசம்பர் 25 அன்று துருக்கியின் சரக்குக் கப்பலொன்று அங்கே தரைதட்டியது. கப்பலை மீட்பது யார் என்ற பேச்சு, திட்டுகள் யாருடையவை என்ற கேள்வியில் போய் நின்றது. இரு அரசுகளும் கடிதக் குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டன. ஏறக்குறைய ஒரு மாதம் விஷயம் கோப்புகளுக்குள்ளேயே கிடந்தது.

1996 ஜனவரியில் கிரேக்க இதழொன்று செய்தியை வெளியிட்டது. அருகிலுள்ள கலிம்னோஸ் தீவின் மேயர் சிலருடன் சென்று கிரேக்கக் கொடியை நாட்டினார். ஜனவரி 27 அன்று துருக்கியின் 'ஹுரியத்' நாளிதழ்ச் செய்தியாளர்கள் ஹெலிகாப்டரில் போய் இறங்கி, அக்கொடியை அகற்றித் தம் நாட்டுக் கொடியை ஏற்றினர். அதைப் படமும் பிடித்தனர். கிரேக்கக் கடற்படை வந்து கொடியை மாற்றியது. போர்க்கப்பல்கள் சூழ்ந்தன. ஜனவரி 31 அதிகாலையில் துருக்கிய கமாண்டோக்கள் மற்றொரு திட்டில் இறங்கினர். கிரேக்க ஹெலிகாப்டர் ஒன்று கடலில் விழுந்து மூன்று அதிகாரிகள் மாண்டனர். அமெரிக்கா தலையிட்ட பின்னர் கப்பல்களும் வீரர்களும் கொடிகளும் விலக்கப்பட்டன. திட்டுகள் யாருடையவை என்பது இன்றும் தீரவில்லை.

அந்தப் படம் பொய்யன்று. கொடி இறக்கப்பட்டது உண்மை. ஆனால் அதை இறக்கியவர்களே செய்தியும் எழுதினர். கோப்பிலுள்ள குறிப்பை ஓர் அரசு ஓசையின்றித் திரும்பப் பெறலாம். நாடே பார்க்க இறக்கப்பட்ட கொடியை அப்படி மறக்க முடியாது. கிரேக்கப் பிரதமர் சிமிதிஸ் அம்மாதம்தான் பதவியேற்றிருந்தார். துருக்கியில் டிசம்பர்த் தேர்தலுக்குப் பிறகு புதிய அரசு அமையாத நிலையில் சில்லர் பிரதமராகத் தொடர்ந்துகொண்டிருந்தார். விட்டுக்கொடுத்தவர் என்ற பெயரைச் சுமக்கும் நிலையில் இருவரும் இல்லை.

முன்னிலையாரை உளப்படுத்தும் தன்மைப் பன்மை 'நாம்'. அவரை விலக்குவது 'நாங்கள்'. இலக்கண வகுப்பில் இதை எளிதாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். நாளிதழ் எப்போதும் 'நாம்' என்றே பேசுகிறது. நேற்றுவரை அந்தப் பாறையின் பெயரைக்கூட அறியாதிருந்தவர், 'நமது பாறை' என்று படித்த மாத்திரத்தில் அதன் உடைமையாளராகிவிடுகிறார். அந்த 'நாம்' விரியவும் கூடும். 1999 ஆகஸ்டில் துருக்கியிலும் செப்டம்பரில் ஏதென்ஸிலும் நிலம் நடுங்கியபோது, ஒருவர் இடிபாட்டில் மற்றவர் மீட்புப் பணி செய்ததை அதே இரு நாட்டுத் தொலைக்காட்சிகளும் காட்டின. பகைமை தணிந்ததில் அக்காட்சிகளுக்கும் பங்குண்டு.

நம் பாக் நீரிணையில் இது இன்னும் சிக்கலானது. 1974 ஒப்பந்தம் கச்சத்தீவை இலங்கையின் பக்கம் வைத்தது. 1976 ஏற்பாட்டின்படி ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் மீன்பிடிக்கும் வழி அடைபட்டது. இக்கரைத் தமிழ்ச் செய்தியில் சிறைபிடிக்கப்பட்ட மீனவர் வருகிறார். அக்கரைத் தமிழ்ச் செய்தியில் இழுவைப்படகு அறுத்துச் சென்ற வலைக்கு உரியவர் வருகிறார். இருவரின் துயரும் மெய்யானது. இருவரும் பேசுவது ஒரே மொழி. இவ்விரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது, 'தமிழக மீனவர்' என்று எழுதும் நாளிதழின் 'நாம்' யாழ்ப்பாணத்து மீனவரை உளப்படுத்துகிறதா என்று கேட்கத் தோன்றுகிறது. இலக்கணம் அதற்கு இடம் தருகிறது. எழுதுபவர் தருகிறாரா என்பதையே ஒவ்வொரு காலையும் தேடிப் படிக்கிறேன்.